தீபாவளி லீவில் எடுத்த கணக்கு

பறவைகளை எண்ணும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பைனாகுலரை எப்படிப் பிடிப்பது, எங்கே நின்று பார்ப்பது, படிவத்தை எப்படி நிரப்புவது என்பதையெல்லாம் சொல்லித்தர அலுவலகத்தில் ஆள் இருக்கிறார்கள். அதில் நான் தலையிட மாட்டேன். ஓய்வு பெற்றவள் வந்து உட்கார்ந்துகொண்டு குறை சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? நான் சொல்ல வந்தது வேறு. என் பணிக்காலத்தில் நான் எழுதியதிலேயே மோசமான அறிக்கையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அதில் ஒரு எண்கூடப் பொய் கிடையாது. அதனால்தான் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை, நான் உட்பட.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் கழிந்திருக்கும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பெரிய புல்வெளி இருந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பொட்டல் என்பார்கள். அரசாங்கக் காகிதத்தில் அதன் பெயர் தரிசு. இரண்டுமே அதற்குச் செய்கிற அவமரியாதை என்று எனக்கு அப்போதே கோபம் வரும். முழங்கால் உயரப் புல், நடுவில் ஒரு மரம்கூடக் கிடையாது. அந்த மரமில்லாத வெளிதான் அங்கிருந்த பறவைகளுக்கு வேண்டியது. வானம்பாடியும் கௌதாரியும் தரையில் முட்டையிடும். ஐப்பசியில் வடக்கே வெகுதூரத்திலிருந்து பூனைப்பருந்துகள் வந்து சேரும். பருந்து என்றால் மரத்தில்தான் தூங்கும் என்று நினைப்பீர்கள். இவை புல்லுக்குள், தரையில் இறங்கித்தான் ராத்தங்கும். சாயங்காலம் ஒவ்வொன்றாகத் தாழப் பறந்து வந்து, இரண்டு சுற்று சுற்றிவிட்டு, சட்டென்று புல்லில் மறைவதைப் பார்த்தால் வீட்டுக்குத் திரும்ப மனசு வராது.

அந்தப் புல்வெளியின் மூன்று பக்கமும் பட்டாசுக் கம்பெனிகள். நடுவே குறுக்காக ஒரு வண்டித்தடம். யாரும் போட்டதல்ல, ஆள் ஏற்றும் வேன்கள் போய்ப்போய் உண்டானது. அதைத் தார்ச்சாலையாக்க வேண்டும் என்று மனுப் போயிருந்தது. அந்தத் தடத்தில் ரோடு போட்டால் பறவைகளுக்குப் பாதிப்பு உண்டா என்று பார்த்துச் சொல்லும்படி மாவட்ட அலுவலகத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. விருதுநகரில் மூன்றே பேர் இருந்த சின்ன அலுவலகம் எங்களுடையது. களத்துக்குப் போகிற ஆள் நான்தான்.

ஒரு மாத அவகாசத்தில் எந்த வாரம் போவது என்று நானே தீர்மானித்தேன். தீபாவளி முடிந்த மறுவாரம். நான் சிவகாசிக்காரி. என் அத்தா, அதாவது அப்பா, பஜாரில் தாள் கடை வைத்திருந்தார். எந்த மாதம் எந்தக் கம்பெனி எந்த ஆர்டரில் மூச்சு முட்டிக் கிடக்கும் என்பது எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்துப் பேசுகிற விஷயம். தீபாவளிக்குப் பிறகு சில வாரம் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். தூசி இருக்காது, ஹாரன் இருக்காது, வாட்ச்மேன்கள் நல்ல மனநிலையில் இருப்பார்கள், எங்கே வேண்டுமானாலும் நடக்க விடுவார்கள். வேலைக்கு வசதியான வாரம் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

ஐந்து நாள் எண்ணினேன். பூனைப்பருந்துகள் அந்த வண்டித்தடத்துக்குப் பத்தடி தூரத்திலேயே இறங்கி உட்கார்ந்தன. தடத்தின் மேலேயே வானம்பாடிகள் மண்குளித்தன. எல்லாவற்றையும் குறித்தேன். அறிக்கையில் எழுதினேன்: தற்போதுள்ள வண்டித்தடம் பறவைகளைப் பாதிக்கவில்லை; அதைத் தார்ச்சாலையாக மாற்றுவதாலும் பாதிப்பு இராது. இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ நன்றாக இருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

பொங்கல் கழிந்து, கோப்பில் வைக்க நாலு படம் வேண்டும் என்று மறுபடி போனேன். மணி ஐந்தே முக்கால் இருக்கும். பருந்துகள் வருகிற நேரம். வந்தன. தாழ இறங்கின. அந்த நேரத்தில் கம்பெனி விட்டு முதல் வேன் தடத்தில் ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. ஹாரனும் பாட்டும் ஹெட்லைட்டுமாகப் புல்வெளியை இரண்டாகப் பிளந்துகொண்டு போயின. பருந்துகள் எழும்பின. சுற்றின. மறுபடி இறங்கப் பார்த்தன. அடுத்த வேன் வந்தது. இருட்டுகிறபோது ஒன்றுகூட அங்கே இல்லை.

நான் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து கடைசி வேன் நின்றது. டிரைவர் முருகேசன் எட்டிப் பார்த்தார். அந்தத் தடத்தில் பல வருடமாக ஓட்டுகிறவர்.

"என்ன மேடம், யாரத் தேடுறீக?"

"பருந்தைத்தான். இங்கதான் ராத்தங்கும்."

"இங்கனயா? நாங்க ஓடுற நாள்ல ஒண்ணும் உக்காராதே. நீங்க எப்ப வந்து எண்ணுனீக?"

"தீபாவளி கழிஞ்ச வாரம்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "லீவுல வந்து எண்ணுனா எல்லாம் நிம்மதியாத்தான் இருக்கும் மேடம். நாங்களுந்தான்," என்றார்.

சிவகாசியில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற தவறா இது? வெளியூர் ஆள் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று விடலாம். எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு வசதியான நாள் பறவைகளுக்கும் வசதியான நாள் என்பது மட்டும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஒரு வாரம், அந்தப் பருந்துகள் எங்கே போகின்றன என்று பின்னாலேயே அலைந்தேன். கம்பெனி வேலிகளுக்குப் பின்னால் துண்டு துண்டாகப் புல் உண்டு. வேலிக்கு உள்ளே தீப்பிடிக்கும் என்று புல்லைச் சுத்தமாகச் செதுக்கிவிடுவார்கள். அது அவர்களுக்கு அவசியம், குறை சொல்ல முடியாது. வேலிக்கு வெளியே உள்ள துண்டுகளில் பருந்துகள் இறங்கிப் பார்த்தன. அங்கே நாய்கள். மதியச் சாப்பாட்டில் மிஞ்சியதை வேலியோரம் கொட்டுவதால் நாயும் காக்கையும் அங்கே குடியிருந்தன. வேலியை ஒட்டி முளைத்த சீமைக்கருவேலத்தில் காக்கை உட்கார்ந்து பார்த்தால் வானம்பாடியின் முட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஓரம் முழுக்க இப்படி. நடு மட்டும்தான் பறவைகளுக்கு மிச்சம். அந்த நடுவில்தான் ரோடு போடலாம் என்று நான் எழுதியிருந்தேன். ஒரு வேட்டியைக் கைக்குட்டைகளாக வெட்டினால் துணியின் அளவு குறையாது. ஆனால் இடுப்பில் கட்ட முடியாது. புல்வெளியும் அப்படித்தான். மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை துண்டாக இருக்கிறது, ஒவ்வொரு துண்டையும் சுற்றி என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

எங்கள் அலுவலகத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டுத்தான் பேசுகிற வழக்கம் அவருக்கு. மூடினார்.

"இப்பத் திருத்தினா, இங்க இருந்து போற எந்தக் காகிதத்தையும் ரெண்டு வருஷத்துக்கு ஒருத்தனும் நம்ப மாட்டான். தெரியுமா?"

"தெரியும் சார்."

"திருத்தலைன்னா?"

"அந்தப் புல்லை ரெண்டாக் கிழிச்சது என் கையெழுத்தா இருக்கும்."

பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். "அப்ப எழுதும்மா. ஆனா தப்பைக் கடைசிப் பக்கத்துல ஒளிச்சு வைக்காத. மொத வரியில போடு."

அவரிடம் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். எத்தனையோ விஷயத்துக்கு அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். இந்த ஒரு பேச்சுக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

கூட்டம் விருதுநகரில் நடந்தது. பெரிய மேசை, அதிகாரி, கம்பெனிகளின் ஆட்கள், பின்வரிசையில் தொழிலாளிகள் சிலர். முதல் வரியை வாசித்தேன்: என் முந்தைய அறிக்கை தவறு; கம்பெனிகள் மூடியிருந்த வாரத்தில் கணக்கெடுத்தேன். அதிகாரி பழைய அறிக்கையைத் தூக்கிக் காட்டி, "இதுவும் நீங்க எழுதினதுதானே? எதை நம்புறது?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். முகம் சூடேறியது. ஆனால் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். நான் தயாராகாமல் போனது மாரியம்மாளுக்கு.

அவள் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். முப்பது வயதிருக்கும். அந்தத் தடத்தின் கோடியில் இருந்த கம்பெனியில் வேலை பார்க்கிறவள்.

"குருவிக்காகவா ரோடு வேண்டாங்கிறீக?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "எங்க தங்கச்சி செல்லத்தாயி அங்கனதான் வேல பாத்தா. போன ஐப்பசியில தீப்பிடிச்சப்ப நல்ல மழ. தடத்துல கரிசல் டயரப் புடிச்சுக்கிரும்னு மெயின் ரோட்டச் சுத்திக் கூட்டிட்டுப் போனோம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தா. வாசல்ல பேச்சு நின்னுருச்சு. தார் ரோடு இருந்தா அரை மணிக்கு முன்னாலயே போயிருப்போம்."

எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் ஒரு கெட்ட மனிதராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்? கம்பெனி முதலாளி என்றால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். அவளிடம் என்ன பேச? எனக்கு வெட்கமாக இருந்தது. ரோடு யாருக்கு, எதற்கு என்று நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. மனுவில் இருந்த காரணத்தைப் படித்தேன், அவ்வளவுதான்.

ஆனாலும் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். "ரோடு வேண்டாம்னு சொல்லலை. நடுவுல வேண்டாங்கிறேன்," என்றேன். "மேக்கு ஓரமா, ஓடைக்கரையை ஒட்டிப் பழைய மாட்டுவண்டிப் பாதை இருக்கு. அங்க ஏற்கனவே கருவேலமும் நாயும்தான். கெட்டுப்போன ஓரத்துல ரோட்டைப் போடுங்க. உருப்படியா இருக்கிற நடுவை விட்டுருங்க. அந்தப் பாதையில எவ்வளவு நேரமாகும்னு பார்த்துச் சொல்றேன். ஒரு வாரம் குடுங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த திங்கட்கிழமை. அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முருகேசன் தன் வேனைக் கொண்டுவந்தார். மாரியம்மாளையும் வரச் சொல்லியிருந்தேன். வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடமே கொடுத்தேன். நேரத்தை நான் பார்த்தால் எனக்குச் சாதகமாகத்தான் முள் நகரும். என் மேல் எனக்கு அந்த அளவுக்குத்தான் அப்போது நம்பிக்கை. கம்பெனி வாசலில் கிளம்பி நடுத்தடம் வழியாக மெயின் ரோட்டைத் தொட பதினோரு நிமிடம். திரும்பி வந்து ஓடைக்கரைப் பாதையில் போனோம். பதினான்கு.

"மூணு நிமிசம் கூட," என்றாள் மாரியம்மாள். கடிகாரத்தைத் திருப்பித் தரவில்லை. "மூணு நிமிசம்னா எம்புட்டுன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது," என்றேன். "உங்களுக்குத் தெரியும். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க ஆகாதுன்னா நாளைக்கு நானே போய் நடுவுல போடுங்கன்னு சொல்லிர்றேன்."

இதைத் தைரியமாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அவள் ஆகாது என்று சொல்லியிருந்தால் சொன்னபடி செய்திருப்பேனா என்று இன்றைக்கும் சத்தியம் பண்ண முடியாது.

அவள் வேனை விட்டு இறங்கி வேலியோரமாகவே நடந்தாள். பின்னால் நானும் முருகேசனும் போனோம். மருந்து கலக்கும் கொட்டகைகள் இருக்கும் மேற்குப் பக்கத்துக்கு நேராக, வேலியில் ஒரு இரும்பு வாசல் இருந்தது. துருப்பிடித்த பூட்டு.

"இது எப்பவும் பூட்டியேதான் கெடக்கும்," என்றாள். "தீப்பிடிக்கிறது பூராம் இந்தப் பக்கந்தான். ஆளத் தூக்கிக்கிட்டு முன்வாசல் வரைக்கும் ஓடி, அங்கன வேன்ல ஏத்தி, மறுபடி கம்பெனியச் சுத்தி இங்கன வரணும். இதத் தொறந்து வச்சாகன்னா அந்த மூணு நிமிசமும் மிச்சந்தான?"

முருகேசன் வேனைத் திருப்பி அந்த வாசலுக்கு வந்து மறுபடி கிளம்பினார். பத்தரை நிமிடம். நடுத்தடத்தைவிடக் குறைவு. மாரியம்மாள் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள். "சரி, எழுதுங்க," என்றாள்.

எழுதினேன். ஓடைக்கரை ஓரமாகச் சாலை, தண்ணீர் தேங்குகிற இடத்தில் சின்னப் பாலம், கம்பெனியின் பின்வாசல் வேலை நேரத்தில் திறந்து வைக்கப்பட வேண்டும். திங்கட்கிழமை கம்பெனி ஆட்களும் தலையாட்டினார்கள். அதே வருடம் ரோடு வந்தது. எங்கள் அலுவலகத் தலைவர் சொன்னபடியே இரண்டு வருடம் எங்கள் காகிதங்களை எல்லோரும் இரண்டு தடவை படித்தார்கள். படிக்கட்டும், நல்லதுதான்.

நடுத்தடத்தில் வேன் நின்றதும், ஒரு மழைக்குப் பிறகு சக்கரம் பதிந்த இடத்தில் புல் முளைத்தது. அடுத்த தையில், வேன் ஓடுகிற வேலைநாளில், ஐந்தே முக்காலுக்கு நின்று பார்த்தேன். ஓரத்தில் வேன்கள் போயின. நடுவில் பருந்துகள் இறங்கின. தீபாவளி லீவில் எண்ணிய அளவுக்கு இல்லை. ஆனால் இறங்கின, எழும்பவில்லை. அன்றைக்கு நான் அழுதேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

கதையை இங்கே நிறுத்தினால் என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு போவீர்கள். அதனால் மிச்சத்தையும் கேளுங்கள்.

நாலு வருடம் கழித்து ஒரு ஆடி மாதம். ஆனைக்குட்டம் அணைப்பக்கம் நீர்ப்பறவை பார்த்துக்கொண்டிருந்தேன். முருகேசன் போன் செய்தார். அந்தக் கம்பெனியில் தீ. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஓடைக்கரை ரோட்டில் வந்து சிவகாசியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். நான் கேட்ட ரோடு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அந்த மூன்று நிமிடம்தான் மண்டைக்குள் ஓடியது.

வராந்தாவில் மாரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் கட்டு.

"ரெண்டு பேரும் பொழச்சுக்கிருவாகன்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா," என்றாள். நாலு வருடத்தில் மேடம் போய் அக்கா ஆகியிருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "கை என்னாச்சு? தீயா?"

"இல்ல. பூட்ட ஒடைக்கயில கல்லு வழுக்கிருச்சு."

"எந்தப் பூட்டு?"

"பின்வாசல் பூட்டுதான். சாவி மேனேசர்ட்ட. அவரு சாத்தூருக்குப் போயிட்டாரு. கல்லப் போட்டு ஒடச்சோம்."

"எப்ப இருந்து பூட்டி வச்சிருக்காங்க?"

"ரோடு போட்ட புதுசுல ஒரு மாசம் தொறந்து கெடந்துச்சு. சரக்கு களவு போகுதுன்னு பூட்டுனாக. அப்பறம் தொறக்கவே இல்ல." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க மாசத்துக்கு ரெண்டு தடவ அந்த வழியாத்தானக்கா போறீக. பாக்கலயா?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது. நாலு வருடம், மாதம் இரண்டு முறை, அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன். வேலியில் எத்தனை காக்கை என்று எண்ணியிருக்கிறேன். பூட்டைப் பார்க்கவில்லை. புல்லைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் நான்.

மறுநாள் அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். முதல் வரி இப்படி இருந்தது: நான் பரிந்துரைத்த பின்வாசல் நாலு வருடமாகப் பூட்டியிருந்தது, நான் கவனிக்கவில்லை. அந்த வாரமே பூட்டைக் கழற்றி, உள்ளிருந்து தட்டினால் திறக்கிற தாழ்ப்பாள் போட வைத்தோம். போடும்வரை நானும் மாரியம்மாளும் அங்கேயே நின்றோம். கம்பெனி ஆள் முறைத்தார், நாங்களும் முறைத்தோம்.

என் பழைய நோட்டுகள் உங்கள் அலுவலக அலமாரியில் மேல்தட்டில் இருக்கின்றன. நேரம் கிடைக்கும்போது எடுத்துப் பாருங்கள். அந்த ஆடிக்குப் பிறகு அந்தப் புல்வெளியைப் பற்றி எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரியில் அன்று வேன் ஓடியதா என்று இருக்கும். இரண்டாவது வரியில் பின்வாசல் தாழ்ப்பாளை உள்ளே போய்க் கையால் தட்டிப் பார்த்தேனா, திறந்ததா என்று இருக்கும். பறவைகள் மூன்றாவது வரியில்தான் வரும்.